முதல் வகுப்பின் மேல் விழுந்த மஞ்சள்

பிள்ளைகளே, உங்கள் அக்கா வடநாட்டுக்குப் போய்ப் படித்த படிப்புக்குத் தடய அறிவியல் என்று பெயர். எழுபதுகளின் கடைசியில் மலையாள நாட்டில் நாம் கடை வைத்திருக்கும் சாலைக் கடைத்தெருவில் அப்படியொரு படிப்பு இருப்பது யாருக்கும் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். மளிகைக் கடையில் மல்லியும் மஞ்சளும் நிறுத்துக் கொடுத்துப் பழகிய எனக்கு அவள் சொன்னதில் விளங்கியது இவ்வளவுதான்: ஒரு குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கிற ரத்தம், முடி, மண், விஷம், கையெழுத்து எல்லாவற்றையும் சோதித்து, இது இன்னது என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கிற வேலை.

அடுத்த கடையில் இரும்புச் சாமான் விற்கிற அண்ணாச்சிக்கு அதுவும் விளங்கவில்லை.

“உம்ம மக பொணம் அறுக்கவா அம்புட்டுத் தூரம் போயிருக்கா?”

“அது டாக்டர் வேலை அண்ணாச்சி. இவ குப்பிக்குள்ள இருக்கது என்னன்னு பாக்கிறவ.”

“அதுக்கு எதுக்கு ரெண்டு வருசம்? மூடியைத் தொறந்து மோந்து பாத்தா தெரிஞ்சிரும்லா.”

“விசம்னா நீரு மோந்து பாரும். நான் ரெண்டு கடையையும் பாத்துக்கிடுதேன்.”

படிப்பு முடிந்து அக்கா திரும்பி வந்தாள். நம் ஊரிலேயே அரசாங்கத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. அதில் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பரீட்சை எழுதித் தேறினாள். நேர்முகத் தேர்வுக்குக் கடிதமும் வந்தது. முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு மட்டுமே அந்த வேலை என்று அதில் போட்டிருந்தது. இந்த வேலையை இப்போது விட்டால் மறுபடி எந்த வருடம் வரும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவளோடு படித்தவர்களிடமிருந்து கடிதங்கள் வரும். ஒரு பையன் அவன் மாநிலத்தில் கைரேகைப் பிரிவில் சேர்ந்துவிட்டான். இன்னொருவன் ஒரு பேங்கில் செக்குகளின் கையெழுத்தைப் பார்க்கிறான். ஒரு பெண் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறாள். ஒருத்தி பேராசிரியரிடமே ஆராய்ச்சிக்குத் தங்கிவிட்டாள். அந்தக் கடிதத்தை மட்டும் அக்கா இரண்டு தடவை படித்தாள்.

“உனக்கும் ஆராய்ச்சிக்குப் போக ஆசையாட்டி?” என்று கேட்டேன்.

“ஆசைதான். ஆனா முதல்ல ஒரு லேப்ல கை பழகணும் அப்பா. பழகாம போனா வெறும் புஸ்தகம்தான்.”

நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் பட்டச் சான்றிதழ் தபாலில் கடைக்கே வந்தது. அக்கா வீட்டில் இருந்தாள். புதுத் துணி, புதுக் கணக்குப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் மூலைக்கு மூலை மஞ்சள் தொட்டு வைப்பது நம் வழக்கம். பட்டத்தைவிட நல்ல தாள் நம் வீட்டுக்கு என்றைக்கு வந்திருக்கிறது? மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் வைத்தேன். அதற்குள் அண்ணாச்சி வந்து நின்றார்.

“இங்கிலீசுல்லா இருக்கு. முதல் வகுப்புன்னு எங்க போட்டிருக்கு?”

“இந்தா” என்று விரலை வைத்தேன். பேனாவால் எழுதியிருந்த அந்த இரண்டு வார்த்தையின் மேல் மஞ்சள் அப்பிக்கொண்டது. ஈரத்தில் மையும் கொஞ்சம் கசிந்தது. துடைக்கத் துண்டை எடுத்தபோது, சாப்பாடு கொண்டுவந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

“துடைக்காதீங்க அப்பா. துடைச்சாத்தான் சந்தேகம் வரும். அப்படியே இருக்கட்டும்.”

அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று கடையில் ஒருவருக்கு மல்லிக்குப் பதில் சீரகம் நிறுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் இரண்டு பேருமாகப் பஸ்ஸில் போனோம். அவள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பியூன் வெளியே வந்து பெண்ணின் அப்பாவைத் தேடினார்.

“ஈ குட்டியுடெ அச்சன் ஆரா? உள்ள விளிக்குது.”

மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி. சான்றிதழ் அவர் முன்னால் கிடந்தது. ஓரத்தில் ஒரு கிளார்க் ஃபைலோடு நின்றார்.

“இது யாரு செஞ்சதாணு?” என்றார் நடுவில் இருந்தவர்.

“நான்தான் சார். புதுசா ஒண்ணு வந்தா மூலையில மஞ்சள் வைக்கிறது எங்க வழக்கம்.”

“மூலை சரி. நடுவிலே எதுக்காணு?”

“பக்கத்துக் கடைக்காரருக்கு முதல் வகுப்பைக் காட்டினேன் சார்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். கிளார்க் சிரிக்கவில்லை. “அப்பா சொல்லுறது சரியாயிருக்கும் சார். ஆனா இது மஞ்சள்தான்னும் அடியில எழுத்தைத் திருத்தலைன்னும் ஃபைல்ல எப்படி எழுதுறது?”

நடுவில் இருந்தவர் அக்காவைப் பார்த்தார். “நல்ல கேள்வியல்லோ. நீ படிச்சதும் இதுதானே. சொல்லு.”

அக்கா பியூனிடம் திரும்பி வெற்றிலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டாள். ஈரப் பஞ்சால் ஒரு மூலையை மட்டும் ஒற்றி எடுத்து, பஞ்சில் சுண்ணாம்பைத் தொட்டாள். மஞ்சள் சிவப்பாகத் திரும்பியது.

“இது எங்க அம்மைக்கும் அறியும்” என்றார் கிளார்க். “அம்பலத்துல பூசைக்குச் செவப்பா குருதித் தண்ணி கலக்கறது இப்படித்தான்.”

“அவங்களுக்குத் தெரியும் சார். ஆனா எதிர்க்கட்சி வக்கீல், இதுல மஞ்சளைத் தவிர வேற எதுவும் இல்லையான்னு கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்க?”

“இவன்ற அம்மையைக் கூண்டில ஏத்த வேண்டா” என்றார் நடுவில் இருந்தவர். “எழுத்து?”

அவள் சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். சுரண்டித் திருத்தியிருந்தால் அந்த இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் கூடுதலாகத் தெரியும் என்றாள். மூவரும் எழுந்து வந்து பார்த்தார்கள். தாள் ஒரே சீராக இருந்தது. என் நெஞ்சுப் பாரம் இறங்கியது. அவள் அதோடு நிறுத்தவில்லை.

“ஜன்னல் வெளிச்சத்துல இவ்வளவுதான் சார் சொல்லலாம். சுரண்டலைன்னு மட்டும்தான். வேற விதமாத் திருத்தலைன்னு இதை வச்சுச் சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்க.”

கிடைக்கப்போகிற வேலையை இவளே கெடுத்துக்கொள்கிறாளே என்று நினைத்தேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: “தெரிஞ்சதைச் சொல்ல இன்னிக்கு எல்லாரும் வந்தாங்க. எவ்வளவு தெரியாதுன்னு சொன்னது உங்க மகள் மட்டும்தான்.” பிறகு கிளார்க்கிடம், “கடிதம் எழுது” என்றார்.

பல்கலைக்கழகத்தின் பதில் வந்து, அடுத்த மாதம் வேலை உத்தரவு வந்தது. விஷங்களைச் சோதிக்கிற பிரிவு. பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். நான் கடையிலிருந்த கல்கண்டு டப்பாவை எடுத்துத் தெருவில் போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் போட்டேன். அண்ணாச்சி இரண்டு தடவை வாங்கிக்கொண்டு, “இனிமே உம்ம கடையில கலப்படம் பண்ண முடியாதுவே” என்றார். கல்கண்டு கடித்து, பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேர் வாயும் அன்று சாயங்காலம் வரை ஓயவில்லை.

அக்கா மட்டும் மூட்டையில் சாய்ந்துகொண்டு உத்தரவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை விடாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி அப்படிப் பாக்கே?”

“வேலையில நிரந்தரம் ஆனப்புறம் மேல்படிப்புக்கு லீவு உண்டாம் அப்பா.”

“இன்னும் ஒருநாளும் வேலைக்குப் போகலை. அதுக்குள்ள லீவா?”

“தெரிஞ்சு வச்சுக்கிடுதேன்” என்று சொல்லி, டப்பாவுக்குள் கையை விட்டாள்.