எங்க வீட்டு டர்ஃபுல கொக்கு இறங்கிருச்சு!

போன புதன்கிழமை காலையில கொல்லைக் கதவைத் தொறக்குறேன்... புதுசா போட்ட டர்ஃபுல ரெண்டு கொக்கு நின்னு மீன் தேடிக்கிட்டு இருக்கு!

பிளாஸ்டிக் புல்லுங்க அது. (கொக்கு நம்புற அளவுக்கு ஒரிஜினலா இருக்குன்னு கம்பெனிக்காரர் இதை விளம்பரமா போட்டுக்கலாம்.)

கதையை மொதல்லேருந்து சொல்றேன்.

என் பொண்ணு கயல் ஃபுட்பால்ல கோல்கீப்பர். பத்தாவது படிக்கிறா. சனிக்கிழமை மாவட்ட டீம் செலக்‌ஷன்.

கோல்கீப்பர்னா பாஞ்சு பாஞ்சு விழணும். எங்க பாபநாசம் பக்கத்து மண்ணுல வெயில் காலத்துல விழுந்தா முழங்கை தோல் உரியும், மழைக் காலத்துல விழுந்தா ஆளையே தேடி எடுக்கணும்.

அதான் கொல்லையில சின்னதா ஒரு டர்ஃப் போடுவோம்னு முடிவு பண்ணோம். மழையிலயும் பிராக்டிஸ் நிக்கக் கூடாது. அதுக்காகத்தான் இவ்வளவு செலவும்!

திருச்சியிலேருந்து டர்ஃப்காரர் வந்து பாத்துட்டு, "மேடம், அடியில காங்கிரீட் நீங்களே போட்டு வச்சிருங்க. ஒரு பக்கமா வாட்டம் குடுத்துருங்க, தண்ணி ஓடிரணும்"னு சொல்லிட்டுப் போனாரு.

வீட்டுக்காரருக்கு வெளியூர்ல வேலை. எனக்கு ஸ்கூல். (நான் கணக்கு டீச்சர். வாட்டம்னா என்னன்னு போர்டுல படம் போட்டு நடத்துற ஆளு. இதைக் குறிச்சு வச்சுக்குங்க, அப்புறம் சிரிக்க உதவும்.)

கொத்தனாரை மேய்க்கிற பொறுப்பை மாமனார்கிட்ட குடுத்தேன். அங்கதாங்க எனக்குச் சனி பிடிச்சுது!

மாமா வாழ்நாள் பூரா வயல் பாத்தவரு. சாயங்காலம் வந்து பாத்தா தரை கண்ணாடி மாதிரி இருக்கு. சுத்தி நாலு பக்கமும் அரை அடி உசரத்துக்குச் செங்கல் வச்சுப் பூசியிருக்கு.

"என்ன மாமா இது?"

"வரப்பும்மா! வரப்பு இல்லாம எப்படி? ரசமட்டம் வச்சுப் பாத்தேன். நூலு பிசகல!"

அழகா இருக்கேன்னு விட்டுட்டேன். (கணக்கு டீச்சர்!)

டர்ஃப்காரர் ஆளுங்களும் அடுத்த வேலைக்கு ஓடுற அவசரத்துல புல்லை விரிச்சு ஒட்டிட்டு, செல்ஃபி எடுத்துட்டுப் போயிட்டாங்க.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஊத்துச்சு பாருங்க மழை!

காலையில கணுக்கால் அளவு தண்ணி. எல்லா மூலையிலயும் ஒரே அளவு. ஒரு சொட்டு வெளிய போகல.

பக்கத்து வயல் ஆரோக்கியசாமி அண்ணன் வேலிக்கு மேல எட்டிப் பாத்து, "டீச்சர், நடவுக்கு ஆள் சொல்லியாச்சா?"ங்கிறாரு.

நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். மாமாவோ பூரிச்சுப்போய் நிக்கிறாரு. "பாத்தியாம்மா? எங்கயும் கசிவே இல்ல!"

"மாமா, தண்ணி ஓடணும் மாமா. வரப்பை உடைச்சிரலாம்."

அவரு மூஞ்சி சுண்டிப்போச்சு. "வந்த தண்ணிய வெளிய விடச் சொல்றியா? நல்லா இருக்கும்மா நீ சொல்றது!"

அவரைச் சொல்லியும் குத்தமில்ல. தண்ணி எப்ப வரும், எப்ப வரும்னு மேட்டூரைப் பாத்தே கழுத்து வலி வந்த ஊருங்க இது.

அன்னிக்குப் பூரா பாத்ரூம் மக்கால மொண்டு வெளிய ஊத்துனோம். சாயங்காலம் மறுபடி மழை. மறுபடி ஏரி!

கயல் கிளவுஸை மாட்டிக்கிட்டு வந்து பாத்தா. கழட்டிட்டா.

"விடும்மா. நான் செலக்‌ஷனுக்குப் போகல. ஒரு வாரமா ஒரு டைவ் கூட அடிக்கல, அங்க போய் அசிங்கப்படணுமா?"

சண்டை போட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அவ அமைதியா சொன்னதுல எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆசையா கேட்ட ஒரே விஷயத்தையும் குளமாக்கிக் குடுத்திருக்கோம்!

மாமா உள்ள உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்தாரு. சவுண்டைக் குறைச்சாரு.

வியாழக்கிழமை விடிகாலையில டங்கு டங்குன்னு சத்தம்.

போய்ப் பாத்தா மாமா! லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கடப்பாரையால அவரு போட்ட வரப்பை அவரே உடைக்கிறாரு! ஒரு இடத்துல இல்ல, ஒரு பக்கம் முழுசா!

தண்ணி குபுகுபுன்னு ஆரோக்கியசாமி அண்ணன் வயலுக்குள்ள ஓடுது. அவரு அங்கேருந்து, "இன்னும் வருமா ஐயா?"ன்னு கேக்குறாரு. மாமா அவரை முறைச்ச முறைப்பு இருக்கே!

மிச்ச ஈரத்தை நானும் கயலும் வைப்பரால தள்ளுனோம். அன்னிக்கும் மறுநாளும் தூறல்லயே டைவ் அடிச்சா. பந்து எடுத்துப் போட்டது யாருன்னு நினைக்கிறீங்க? மாமாதான். (ஒண்ணு கூட கோல் பக்கம் போகல. ஆனா கயல் எல்லாத்துக்கும் பாஞ்சா!)

சனிக்கிழமை செலக்‌ஷன். ரிசர்வ் கோல்கீப்பரா எடுத்துட்டாங்க! ரிசர்வ்னா என்ன, டீம் டீம்தான்! நான் கிரவுண்டுலயே கத்திட்டேன்.

அத்தோட முடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா?

நேத்து வானம் இருட்டுது. கொல்லைப் பக்கம் போறேன். மாமா ஈரச் சாக்கைச் சுருட்டி, உடைச்ச பக்கம் பூரா வரிசையா அடுக்கிக்கிட்டு இருக்காரு!

"மாமா!!!"

"கத்தாதம்மா. சும்மா ஓடுதேன்னு மனசு கேக்கல. தேக்கி வச்சா கொல்லை ஓரத்து வாழைக்குப் பாய்ச்சலாம்ல?"

நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள கயல் வந்துட்டா. "தாத்தா, முறை வச்சுக்கலாம். ஆறு நாள் எனக்கு, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு. திங்கக்கிழமை காலையில சாக்கை எடுத்துரணும்."

மாமா யோசிச்சாரு. "சனிக்கிழமை ராத்திரியிலேருந்து குடு."

"சரி."

கைகுடுத்துக்கிட்டாங்க. ரெண்டு மாநிலம் இத்தனை வருசமா உக்காந்து பேசியும் முடியாத பங்கீடு, எங்க கொல்லையில ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருச்சு!

இப்ப எனக்கு ஒரே ஒரு டவுட்டு. ஞாயித்துக்கிழமை வர்ற கொக்குகிட்ட, ஷூ இல்லாம டர்ஃபுல ஏறக்கூடாதுங்கிற கயலோட ரூலை யாருங்க சொல்றது?