பரிசத் தேங்காய்

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் என் சின்ன அண்ணனுக்குப் பரிசம் போடக் கடல்வழியாகப் போனோம். சாலையில் ஊருக்கு ஊர் சோதனை என்பதால், பாசிர் பெனம்பாங் என்ற மீன்பிடிக் கிராமத்தில் ஒரு சீனரின் மீன்பிடிப் படகை அப்பா பேசியிருந்தார். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, எங்கள் ரப்பர் தோட்டத்து வாசலிலேயே காவலர்கள் எங்கள் கட்டுச்சோற்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். பரிசத் தட்டுகளை மட்டும் விட்டார்கள்.

படகில் ஏறும்போது, தட்டுகள் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்றார் அம்மா. பட்டுச்சேலை, கண்ணாடி, சீப்பு, குங்குமம், வெற்றிலை, தேங்காய் எல்லாம் பத்திரமாக ஏறின. நீர் வடிகிறது என்று படகுக்காரர் அவசரப்படுத்த, தண்ணீர்க் குடம் துறையிலேயே நின்றுவிட்டது. முகத்துவாரத்தைத் தாண்டியதும் இஞ்சின் படுத்தது. கடலும் வடிந்து, படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. இனி நீர் ஏறும்வரை நீந்தவும் முடியாது, நடக்கவும் முடியாது. தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு சாக எங்களிடம் எல்லா வசதியும் இருந்தது.

பெரிய அண்ணி அப்போது ஏழு மாதம். அவர் வராவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அம்மாதான் இழுத்து வந்திருந்தார். இருவருக்கும் ஒத்துப்போனதே கிடையாது. அண்ணி உப்புப் போட்டால் அம்மாவுக்குக் கரிக்கும், குறைத்தால் சப்பென்றிருக்கும். வெயில் ஏற ஏற அண்ணிக்கு உதடு வெடித்தது. படகுக்காரர் தம் போத்தலில் மிச்சமிருந்த தேநீரைக் கொடுத்தார். அது போதவில்லை. கண் சொருக ஆரம்பித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

ஒரு தேங்காயை உடைக்கலாமா என்று அப்பா மெல்லக் கேட்டார். பரிசத் தேங்காயை வழியில் உடைத்தால் கல்யாணம் விளங்குமா என்று அம்மா சீறினார். சின்ன அண்ணன், மாப்பிள்ளை ஆயிற்றே, கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அண்ணியின் தலை அம்மாவின் தோளில் சாய்ந்தது. அம்மா தள்ளிவிடவில்லை. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். பிறகு படகுக்காரரின் கத்தியை வாங்கித் தாமே ஒரு காயை உடைத்து, அண்ணியின் வாயில் ஊற்றினார். நீர் ஏறி, வேறொரு படகு எங்களை இழுத்துப்போவதற்குள் தட்டில் ஒரு காய்கூட மிஞ்சவில்லை.

பெண் வீட்டில் எல்லாரும் அந்தத் தட்டைத்தான் பார்த்தார்கள். அம்மா அதை முன்னால் நீட்டினார்.

"வழியில மூத்த மருமவளுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. ஒடச்சிக் குடுத்துட்டேன்," என்றார்.

பெண்ணின் தாய் அண்ணியின் வயிற்றைப் பார்த்தார். பிறகு தட்டைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"அப்ப எங்க பொண்ண நம்பிக் குடுக்கலாம் லா."

அண்ணி என்னைப் பார்த்தார். அம்மாவைப் பற்றிச் சொல்ல அவரிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் குடித்ததெல்லாம் மாமியார் கையால் ஊற்றிய தண்ணீர் ஆயிற்றே; பெண்ணின் தாயிடம் ஆமென்று தலையாட்டினார்.