மகன் கரடியாக நடந்த தெரு

போன பிப்ரவரியில் நீலகிரியின் சேரம்பாடியிலிருந்து ஜெர்மனிக்குப் போய் வந்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் மேரி எழுதுகிறாள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தும் கிளம்பத் தயங்கும் என் வயதுக்காரர்களுக்காக இது.

என் மகன் டேவிட் அங்கே ஒரு மலையூரில் பேக்கரி வேலை செய்கிறான். தவக்காலத்துக்கு முந்தைய திங்கட்கிழமை, குளிரை விரட்டவென்று ஓர் ஆளுக்குத் தலை முதல் கால் வரை கோதுமை வைக்கோலைக் கட்டி, கரடியாகத் தெருவில் நடத்துவது அந்த ஊர் வழக்கம். உள்ளூர்ப் பையன்களுக்குத்தான் அந்த இடம் கிடைக்கும். இந்த முறை டேவிட்டைக் கேட்டிருந்தார்கள். வெளியிலிருந்து வந்தவனைக் கேட்டது அதுவே முதல் தடவையாம். நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேனா?

கோழிக்கோடு விமான நிலையத்துக்கு டாக்சி, நான்கரை மணி நேரம், நாலாயிரம் ரூபாய். துபாயில் மாறி பிராங்பர்ட். பிறகு ரயிலில் மூன்று மணி நேரம். போக வர விமானத்துக்கு அறுபத்திரண்டாயிரம், மகன் கட்டினான்.

காலை ஒன்பது மணிக்கு, மைனஸ் ஆறு குளிரில், ஒரு கொட்டகையில் வைத்து டேவிட்டுக்கு வைக்கோல் கட்டினார்கள். நெஞ்சில் ஒரு முடிச்சை நானும் போட்டேன். கரடி தெருவில் இறங்கியதுமே ஒரு வயதான அம்மா ஓடிவந்து இடுப்பு வைக்கோலைப் பிடித்து இழுத்தார். தேயிலை எஸ்டேட்டில் காவலுக்கு நிற்கும் வாச்சராக இருந்தவன் நான். "ஏய்!" என்று கையைத் தட்டிவிட்டுக் குறுக்கே நின்றேன். அடுத்த வீட்டில் இரண்டு பெண்கள் வந்தார்கள். முறைத்தே அனுப்பினேன். அப்புறம் யாரும் கிட்டே வரவில்லை. வாசலிலேயே நின்று பார்த்தார்கள்.

மருமகள் ஸ்டெல்லா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மாமா! என்ன வேல பண்றீங்க? அவங்க புடுங்கணும்!"

"புடுங்குனா அவுந்துருமே, புள்ள."

"அவுக்கத்தானுங்க மாமா கட்டுறது! அதக் கோழிக்கூண்டுல போட்டா நல்லா முட்ட வைக்கும்னு கொண்டுபோவாங்க. கரடி முழுசாத் திரும்பி வந்தா, ஊருக்கு அவரப் புடிக்கலைன்னு அர்த்தம்."

வைக்கோலுக்குள்ளிருந்து டேவிட்டின் குரல் வந்தது. "அப்பா, வாச்சர் வேலைய ஊர்லயே விட்டுட்டு வந்திருக்கலாமே!"

பாதித் தெரு முடிந்துவிட்டது. கரடியிடம் ஒரு வைக்கோல் தாள்கூடக் குறையவில்லை. நான் போட்ட முடிச்சை நானே அவிழ்த்து, ஒரு பிடி உருவி, திரும்பி நடந்து, அந்த அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் என்னையும் வைக்கோலையும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

ஸ்டெல்லா சிரித்தாள். "குடுத்தா வாங்க மாட்டாங்களாம். அவங்களே புடுங்குவாங்களாம். நீங்க ஓரமா நில்லுங்க மாமா."

நான் ஓரமாக நின்றேன். அவர் நேராகக் கரடியிடம் போய் இரண்டு கையாலும் உருவினார். தெருவே சிரித்தது. அப்புறம் ஒரு வாசல் பாக்கியில்லை. மாதா கோயிலடிக்கு வந்து சேர்ந்தபோது என் மகன் உடம்பில் சட்டையும் பேன்ட்டும், கழுத்தில் நாலு வைக்கோல் தாளும்தான் மிச்சம். நடுங்கிக்கொண்டே சிரித்தான். எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகள் பக்கம் கரடி வந்தால் எல்லாக் கதவையும் சாத்துவோம். என் கரடிக்கு ஓர் ஊரே கதவைத் திறந்தது.

போகிறவர்களுக்கு: ஊட்டி ஸ்வெட்டர் அங்கே உதவாது. கனத்த ஜாக்கெட்டும் பனியில் வழுக்காத பூட்ஸும் வேண்டும். வைக்கோலை விமானத்தில் கொண்டுவர முடியாது. என் கையிலிருந்த பிடியை அந்த அம்மாவின் கோழிக்கூண்டில் நானே போட்டுவிட்டு வந்தேன்; நான் ஊரில் வாச்சர் என்று ஸ்டெல்லா அவரிடம் சொல்லிச் சிரித்தாள். போன வாரம் டேவிட் போனில் சொன்னான், அவர் பேக்கரிக்கு ஆறு முட்டை கொண்டுவந்து வைத்தாராம், "வாச்சருக்கு" என்று.