மரம்தான் வரணும்

"பதினொண்ணு," என்கிறார் யேசுதாஸ்.

டீக்கடை கோபால் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எளாவூர் சோதனைச்சாவடிக்கு இப்பால், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரத்தில் அவர் கடை. தினமும் காலை ஆறரை மணிக்கு இந்த மனிதர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீ போடுவதற்குள் கோபாலின் கை எதையெதை எத்தனை முறை தொடுகிறது என்று எண்ணுவது அவருக்குப் பழகிவிட்டது.

"கிளாஸ மட்டும் நாலு தபா தொடுற. சக்கர டப்பாவ அந்தாண்ட வச்சிக்கினு இந்தாண்ட ஓடுற. ஒரு டீக்கு பதினொண்ணுன்னா, எரநூறு டீக்கு இன்னா ஆச்சி?"

"எனக்குப் பேஜாரு ஆச்சி. குடிச்சிட்டுக் கெளம்புண்ணா."

யேசுதாஸ் கோபித்துக்கொள்வதில்லை. சர்க்கரை டப்பாவை எடுத்து, தானே இந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போகிறார். அவர் தலை மறைந்ததும் கோபால் அதைப் பழைய இடத்திலேயே வைக்கிறார். இரண்டு ஆண்டுகளாக அந்த டப்பா இப்படி நடந்துகொண்டிருக்கிறது.

ஆளுக்கு வயது ஐம்பத்து மூன்று. உயரம் குறைவு, முன்கைகள் மட்டும் வேறொரு பெரிய ஆளுக்குச் செய்து தவறி இவருக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும். சட்டைப் பையில் சாக்பீஸ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் தற்காலிக ஃபிட்டராக இருந்தவர். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு, மறுபடி பதினோரு மாதம். இருபத்திரண்டு ஆண்டுகள் நீடிக்கும் ஒன்றைத் தற்காலிகம் என்று எழுதுவதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டும். சாதாரண மனிதனுக்கு அவ்வளவு துணிச்சல் வராது. ஒருநாள், சுழலும் பெல்ட்டுக்குத் தடுப்பு வலை போடச் சொல்லிக் கேட்டார். மறுநாள் அவருடைய தற்காலிகம் முடிந்துவிட்டது.

"மில்லுல ஒண்ணு கத்துக்கினேன்," என்பார். "செவசெவன்னு கம்பி உருளை மேல தானா ஓடும். எவனும் அத தூக்கமாட்டான். அங்க குனியறதுன்னா மானேஜர் வரும்போதுதான்."

வேலை போன பிறகு விறகுத் தொழிலுக்கு வந்தார். வேலிகாத்தான் மரத்தையும் சவுக்கையும் வாங்கி, கோடாலியால் பிளந்து, நெடுஞ்சாலை பிரியாணிக் கடைகளுக்குப் போடுவது. மூன்றாம் நாள் கோடாலியைச் சாத்திவைத்துவிட்டு, வீட்டுச் சுவரில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தார். வண்டியிலிருந்து இறக்க ஒரு குனிவு. அறுக்க ஒன்று. நிமிர்த்தி வைக்க ஒன்று. பிளந்ததைப் பொறுக்க, அடுக்க, மறுபடி எடுக்க, ஏற்ற, இறக்க. ஒரு கட்டை பிரியாணி அண்டாவின் அடியில் போய்ச் சேர்வதற்குள் ஒரு மனிதன் எட்டு முறை குனிகிறான் என்று கணக்கு வந்தது.

"தின்றவன் ஒரு தபாகூட குனியல," என்று மனைவி ஜெனிபரிடம் சொன்னார்.

"நீ இப்ப சொவுத்தைக் கெடுத்ததுக்கு நான் எத்தினி தபா குனியணும்?" என்றார் ஜெனிபர், ஈரத்துணியோடு.

ஏழு மாதத்தில் மிஷின் தயாரானது. சிப்காட்டைச் சுற்றியுள்ள காயலான் கடைகளில் கிடைக்காத பொருள் இல்லை. மூடிப்போன அரிசி ஆலையின் மோட்டார். டிப்பர் லாரியின் ஆயில் பம்ப். எதையோ தோண்டித் தோண்டி ஓய்ந்த மண்வாரி எந்திரத்தின் ஹைட்ராலிக் தண்டு. லாரியின் கமான் பட்டையைத் தீட்டிச் செய்த நான்குமுனை ஆப்பு. மோட்டார் பெல்ட்டைச் சுற்றும், பெல்ட் பம்பைச் சுற்றும், தண்டு நிதானமாக வந்து கட்டையை ஆப்பின்மேல் தள்ளும். கட்டை நான்காகப் பிளந்து தகரச் சரிவில் வழுக்கிக்கொண்டு போய், கெமிக்கல் டாங்க் வைக்கிற கம்பிக் கூண்டுக்குள் விழும். கூண்டு நிறைந்ததும் செயின் போட்டுத் தூக்கி, அப்படியே குட்டியானை வண்டியில் வைக்க வேண்டியதுதான். விறகு தரையைத் தொடவே தொடாது. ஒரே ஒரு குனிவு, கட்டையை ஏற்றும்போது மட்டும். எட்டை ஒன்றாக்கினார். மில்லில் கிடைக்காத தடுப்பு வலையைத் தன் பெல்ட்டுக்கு இரட்டையாகப் போட்டார். கீழே ஸ்கூட்டர் சக்கரம் இரண்டு. மேலே ஒரு தகரப் போர்டு: "மரம் கொண்டுவருபவரே கட்டையை ஏற்ற வேண்டும்."

முதல் வெள்ளோட்டத்தில் தண்டின் வேகம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஒரு துண்டு தெருவைத் தாண்டிப் பறந்து, எதிர்வீட்டுச் செண்பகத்தின் தண்ணீர் டிரம்மில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. டிபன் வண்டி தள்ளிப் பிழைக்கும் செண்பகம் அன்றுதான் மிஷினுக்குப் "பீரங்கி" என்று பெயர் வைத்தார்.

வெற்றி மனிதனைக் கெடுத்துவிடும். குனிவை ஒழிக்கும் வேலையை யேசுதாஸ் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். செருப்பு இடுப்பு உயரத்தில் ஆணியில் தொங்கியது. துடைப்பத்துக்கு ஆறடி பிளாஸ்டிக் குழாய் மாட்டினார். ஜெனிபர் தரையைப் பெருக்கியபோது, மறுமுனை டியூப்லைட்டைப் பெருக்கியது.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டு இல்லாத ஒன்று போன தை மாதம் வந்தது.

ஏரிக்கு அந்தப் பக்கம் நிலபுலன்காரர்கள் இருக்கும் ஊர்; இந்தப் பக்கம் யேசுதாஸ் இருக்கும் காலனி. ஊரில் கல்யாணம் என்றால் காலனியில் வீட்டுக்கு இரண்டு ஆள் கோடாலியோடு போய், தோட்டத்துப் பக்கமாக நுழைந்து, சமையலுக்கு விறகு பிளந்து தர வேண்டும். கடைசிப் பந்தி முடிந்தபின் சாப்பாடு, அதே தோட்டத்தில். இதற்கு முறை என்று பெயர். கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு எல்லா ஊரிலும் இப்படி ஒரு நல்ல பெயர் உண்டு. யேசுதாஸ் பதினாறு வயதில் அப்பாவோடு போய்ப் பிளந்திருக்கிறார். சிப்காட் பஸ் வந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்ததும் முறை கொஞ்சம் தூங்கியது. சாகவில்லை.

ஊரின் நிலக்காரர் துளசிராமன் மகளுக்குக் கல்யாணம் என்ற செய்தி டீக்கடைக்கு முதலில் வந்தது. யேசுதாஸ் பாதி டீயை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, மிஷினின் இரண்டு சக்கரத்தையும் கழற்றி, வண்டிச் சக்கரம் தேய்ந்துபோய்க் கிடந்த செண்பகத்திடம் கொடுத்துவிட்டார்.

அரைமணி நேரத்தில் தெருமுனையில் ஹாரன் சத்தம். துளசிராமன் பைக்கைவிட்டு இறங்கவில்லை. காலனிக்குள் அவர் இறங்கி யாரும் பார்த்ததில்லை. கெட்டவர் அல்ல. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் விசாரிப்பார், பைக்கில் உட்கார்ந்தபடியே.

"தாசு, பொண்ணு கல்யாணம். மிஷின தோட்டத்தாண்ட இழுத்துக்கினு வந்துடு."

யேசுதாஸின் அப்பா இவருடைய அப்பாவை "ஆண்ட" என்று அழைத்தவர். யேசுதாஸ் "சார்" என்பார். மில் சூப்பர்வைசரையும் அப்படித்தான் அழைத்தார் என்பதால், அதில் மரியாதை எத்தனை கிராம் என்று யாராலும் சொல்ல முடியாது.

"மிஷின் வராது சார். மரம்தான் வரணும்."

"சக்கரம் வச்சிருந்தியே?"

"எங்க சார்?"

அந்த நேரம் பார்த்துச் செண்பகம் டிபன் வண்டியைத் தள்ளிக்கொண்டு இருவருக்கும் நடுவே போனார். வண்டி புதுச் சக்கரத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று. துளசிராமன் சக்கரத்தைப் பார்த்தார், யேசுதாஸைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"சரி, டிராக்டர்ல அனுப்பறேன். ஆனா பாதியில உன் பீரங்கி நின்னுச்சின்னா, ஊட்டுக்கு ரெண்டு ஆளு கோடாலியோட தோட்டத்தாண்ட வரணும். கல்யாண வேல, நிக்கக் கூடாது."

"சரி சார். மரம் கொண்டாறவங்கதான் ஏத்தணும். போர்டுலயே எழுதி வச்சிருக்கேன்."

தெருவில் நாற்பது வீடு. நாற்பது வீட்டையும் கேட்காமல் ஒரு மனிதன் "சரி" என்றால் என்ன ஆகும்? அன்று மாலை வரை யேசுதாஸ் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. "உன் ஒத்த சொல்லுல எம் புள்ள லீவு போட்டுட்டு வெறகு பொளக்கணுமா?" என்று வாசலில் வந்து கேட்டவர்களுக்கு ஜெனிபர்தான் பதில் சொன்னார். "நிக்காது," என்றார். சொல்லிவிட்டு அவருக்கே பயம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு டிராக்டர் நிறைய வேலிகாத்தான் வந்து இறங்கியது. பின்னாலேயே பைக்கில் துளசிராமன். தெருவே வாசலில் நின்றது. சோதனைக்காக முதல் இரண்டு கட்டையை மட்டும் தானே ஏற்றுவதாகச் சொல்லி, யேசுதாஸ் சுவிட்சைப் போட்டார். முதல் கட்டை அழகாக நான்கானது. இரண்டாவது கட்டையில் ஆப்பு பாதி இறங்கியதும் தண்டு நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் கீச்சென்று அலறியது.

"கண்ணு பட்டுச்சி," என்றது கூட்டம்.

"நான் கெளம்பி ஆளுங்களுக்கு இடம் பாக்கட்டுமா தாசு?" என்றார் துளசிராமன். குரலில் கேலி இல்லை, நல்லவிதமாகவே கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

யேசுதாஸ் மோட்டாரை நிறுத்தினார். பம்பைத் தொட்டுப் பார்த்தார்; சூடு சரியாக இருந்தது. குழாயில் கசிவில்லை. பிறகு மூக்கைத் தூக்கினார்.

"இங்க யாரு வடை சுட்டது?"

அவர் தடுப்பு வலையைக் கழற்றி, பெல்ட்டை விரலால் தொட்டு, விரலை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"ஜெப எண்ண," என்றார் ஜெனிபர். "ஒரே ஒரு சொட்டு. காலைல."

"விரலே போவாத வலையில எப்டி உட்ட?"

"கோழி எறகுல."

செண்பகம் தலையைச் சொறிந்தார். "அம்மன் வௌக்குல மிச்சம் இருந்த நல்லெண்ண, நானும் ஒரு சொட்டு. அவ எறகத்தான் வாங்கினேன். தெருவுக்கே மானம் போவுதேன்னு."

"வடை?"

கோபால் கூட்டத்தின் பின்னாலிருந்து கை தூக்கினார். "நான் சாமிக்கோசரம் இல்லண்ணா. மிஷின்னா எண்ண உடணும்ல? சட்டியில மீந்தது கால் லிட்டரு."

இரண்டு மதமும் ஒரு வடைச்சட்டியும் ஒரே பெல்ட்டில் ஒற்றுமையாக வழுக்கிக்கொண்டிருந்தன. மனிதன் பயந்தால் மூளைக்குப் போக வேண்டிய கை எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகிறது. அதற்கு யேசுதாஸ் எத்தனை வலை போட்டும் பயனில்லை.

அவர் யாரையும் திட்டவில்லை. பெல்ட்டைக் கழற்றினார். ஜெனிபர் பாத்திரம் விளக்கும் சோப்பைக் கொண்டுவந்தார்; செண்பகம் தண்ணீர் ஊற்றினார்; கோபால் ஓடிப்போய்த் தன் அடுப்புச் சாம்பலை ஒரு முறம் நிறைய அள்ளிவந்தார். தேய்த்துக் கழுவி, துடைத்து, சாம்பலைப் பூசி, எண்ணெயை உறிஞ்சவிட்டு, மறுபடி துடைத்து, பெல்ட்டை மாட்டி இழுத்து முடுக்கினார்கள். இருபது நிமிடம். துளசிராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் கிளம்பவில்லை, வேடிக்கையின் ருசி அவரையும் பிடித்துவிட்டது. எப்போது பைக்கைவிட்டு இறங்கினார் என்று அவருக்கே தெரியாது.

சுவிட்ச். தண்டு நகர்ந்தது. பாதியில் நின்ற கட்டை பளீரென்று நான்காகிச் சரிவில் உருண்டு கூண்டில் விழுந்தது.

தெரு பெருமூச்சு விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கோபாலின் சாம்பலுக்கு அன்று பிற்பகலே புகழ் பரவி, ஓடாத மிக்ஸிக்குப் பூச இரண்டு பேர் பொட்டலம் கேட்டு வந்தார்கள். சாம்பல் எண்ணெயை உறிஞ்சும், அவ்வளவுதான் என்று யேசுதாஸ் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்பவர்கள் பயபக்தியோடு தலையாட்டுகிறார்கள்.

ஆனால் அன்று காலை இன்னும் ஒன்று மீதி இருந்தது. கட்டையை ஏற்ற ஆள் வேண்டும். துளசிராமன் டிராக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் இந்தத் தெருக்காரர்.

"நான் ஸ்டியரிங் புடிக்கத்தான் வந்தேன் சார்," என்றார் டிரைவர், போர்டை மோவாயால் காட்டி.

துளசிராமன் போர்டைப் படித்தார். நாற்பது வீட்டு வாசலையும் பார்த்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, வேலிகாத்தான் கட்டை ஒன்றைப் பற்றினார். உடனே கையை உதறினார். முள் ஏறி, உள்ளங்கையில் சிவப்பாக ஒரு புள்ளி.

யாரும் சிரிக்கவில்லை.

யேசுதாஸ் தண்டை நடுவில் நிறுத்திவிட்டு வந்தார். வலக்கையிலிருந்த தோல் உறையைப் பல்லால் கவ்வி இழுத்துக் கழற்றினார். அது வியர்வையில் ஊறி, அவர் விரல்களின் வடிவத்திலேயே வளைந்திருந்தது. அதன் வாயை இரண்டு கையாலும் அகலமாக விரித்து, துளசிராமனின் கைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.