நான் வெட்டச் சொன்ன நாணல்

வரிச்சிக்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. கடலைப் பார்த்துப் போகும் ஆறு ஒரு வளைவு எடுக்கும் இடத்தில், கரையை ஒட்டி. நான் காரைக்காலில் பள்ளிக்கூட ஆசிரியர், புவியியல் நடத்துகிறேன். வயலுக்குப் போவது சனி, ஞாயிறுகளில்தான்.

அடுத்த வயல் எங்களுடையதைவிடக் கொஞ்சம் தாழ்வு. அது ஒரு பாயுடையது. துபாயில் இருபது வருஷம் கடையில் நின்று உழைத்துவிட்டு வந்து அந்த நிலத்தை வாங்கியிருந்தார். அவர் குடும்பத்தில் அதற்குமுன் யாரும் சேற்றில் இறங்கியதில்லை. நாற்று விடுவதிலிருந்து உரம் போடுவது வரை என்னைத்தான் கேட்பார். "நீங்க பரம்பரை விவசாயி சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். அப்படிச் சொல்லிக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் வயலுக்கு அறுப்பு மிஷின் வர வழி கிடையாது. கரை நெடுக நாணலும் தாழையும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தன. ஒரு கோடையில் பொக்லைனை வரவழைத்து, பாய் வயலின் முன்பகுதி வரை அவ்வளவையும் வேரோடு பெயர்க்கச் சொன்னேன். சத்தம் கேட்டுப் பாய் வந்தார்.

"இதையெல்லாம் எடுக்கலாமா சார்? ஒண்ணும் ஆவாதுல்ல?"

"பாம்பு அடையுற பொதரு பாய். போனா நல்லதுதான்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் மிஷின்காரருக்கும் எனக்கும் பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். மறுவாரம் என் காரைக் கரைமேல் வயல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன்.

அந்தக் கார்த்திகையில் மேலே அணைகளைத் திறந்துவிட்டார்கள். இங்கே மழையும் விடவில்லை. நான்காம் நாள் காலை பாய் போன் செய்தார். "சார், கரை போயிடுச்சு சார்" என்றார்.

நான் போனபோது உடைப்பு வழியாகத் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வயலில் ஓரமாக ஒரு கீற்று அறுத்துக்கொண்டு போயிருந்தது, அவ்வளவுதான். பாய் வயலில் பயிரே தெரியவில்லை. கரையை அரித்துக்கொண்டு வந்த வெள்ளம், தாழ்வான இடத்தில் பரவி வேகம் அடங்கியதும், சுமந்து வந்த மணலை அங்கேயே இறக்கி வைத்திருந்தது. முழங்கால் உயரத்துக்கு மணல்.

உடைப்பு, நாணலைப் பெயர்த்த இடத்தில் இருந்தது. பொக்லைன் எங்கே நின்றதோ அங்கேயே அரிப்பும் நின்றிருந்தது. அதற்கு அப்பால் நாணல் வெள்ளத்தில் மடங்கிச் சேற்றோடு சேறாகப் படுத்துக் கிடந்தது. அதன் அடியில் கரை அப்படியே இருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

பாய்க்குப் புரியவில்லை. "நான் எங்க சார் தப்புப் பண்ணேன்? வரப்பை ஒசத்திக் கட்டியிருக்கணுமா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆத்து வெள்ளத்துக்கு யாரு என்ன பண்ண முடியும் பாய்?"

"நசீபு, என் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுத் தலையைத் துடைத்துக்கொண்டார்.

சேதம் பார்க்க வந்தவர்கள் வயலை அளந்தபோது நாடாவின் ஒரு முனையை நான்தான் பிடித்தேன். வெள்ளச் சேதம் என்று எழுதினார்கள். நான் நாடாவைச் சுருட்டிக் கொடுத்தேன்.

அடுத்து வந்த கோடை முழுக்க அவரும் அவர் மனைவியும் கூடை கூடையாக மணலை அள்ளினார்கள். அப்படியும் அடுத்த போகம் பாதிகூடத் தேறவில்லை. "தெரியாத தொழில்ல ஏன் எறங்குனீங்க? அங்கயே இருந்திருக்கலாம்ல?" என்று அந்தம்மா அழுகையோடு கேட்டது என் வரப்பு வரை கேட்டது. பாய் அள்ளிக்கொண்டே இருந்தார். நான் குனிந்து களை பறிப்பதுபோல் இருந்தேன்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒரு நாள் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மண் அரிப்பைத் தடுப்பது எப்படி என்று ஒரு கேள்வி. 'ஆற்றங்கரையில் உள்ள புல்லும் செடியும் வேர்களால் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. நீரின் வேகத்தையும் குறைக்கின்றன' என்று ஒவ்வொரு தாளிலும் எழுதியிருந்தது. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த அதே வாக்கியம். எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. மறுநாள் காலையில் பாய் வயலுக்குப் போனேன்.

"பாய், அன்னைக்குக் கரை ஒடைஞ்சதுக்குக் காரணம் நான்தான். நாணலை எடுத்ததாலதான் போச்சு. அப்பவே எனக்குத் தெரியும்."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். கரையைப் பார்த்தார்.

"நாணலை எடுத்ததை விடுங்க சார். நான் கேட்டேன்ல, என்ன தப்புப் பண்ணேன்னு? அப்ப சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு வருஷமா எனக்கு விவசாயம் ஒண்ணும் தெரியாதுன்னு நானே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."



அடுத்து வந்த ஆனியில் நாணல் கிழங்கும் வெட்டிவேர்ப் பதியமும் கொண்டுபோய்க் கரையில் ஊன்றினேன். பாய் என்னைத் தடுக்கவுமில்லை, கூட வந்து ஊன்றவுமில்லை. ஆனால் நான் போகாத நாட்களில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றப்பட்டிருந்தது. அடுத்த மழையில் இரண்டு இடத்தில் லேசாகச் சரிந்தது. மற்றபடி கரை நின்றது. மணல் போகாத மூலையில் அவர் இப்போது வெள்ளரி போடுகிறார்.

பார்த்தால், "பசியாறிட்டீங்களா சார்?" என்று விசாரிக்கிறார். விதை, உரம், பூச்சிமருந்து எதையும் என்னைக் கேட்பதில்லை. அதற்கெல்லாம் விவசாய ஆபீசுக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறார்.