ஓரத்தில் நின்ற மாமாவும் என் வைடு ஆங்கிள் லென்ஸும்

ஒரு வழியாக வைடு ஆங்கிள் லென்ஸ் வாங்கிவிட்டேன் மக்களே!

மலை, அருவி எல்லாம் எடுக்க இல்லை. ஒரு தாய்மாமாவுக்காக வாங்கினேன்.

(என் தாய்மாமா இல்லை. அக்கா வீட்டுக்காரருடைய தாய்மாமா. அதனால்தான் இவ்வளவு பயம்.)

கதை இதுதான். அக்காவின் நிச்சயதார்த்தம் எங்கள் அம்பத்தூர் பிளாட்டில் நடந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபுல் ஃபிரேம் கேமராவும் ஒரே ஒரு 50எம்எம் லென்ஸும் வைத்திருந்த நான்தான் போட்டோகிராபர்.

ஹாலோ பத்துக்குப் பன்னிரண்டு. எல்லாரையும் அடக்கப் பின்னால் போய்ப் போய், கடைசியில் வாசலுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்ட் மேல் ஏறி நின்று குரூப் போட்டோ எடுத்தேன்.

படத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள், மாமாவைத் தவிர. அவருடைய இடது கை மட்டும் வந்திருந்தது.

அவர் கோபப்படவில்லை. "வாட்ச் நல்லா வந்துருக்கும்மா" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் கல்யாணத்தில் குரூப் போட்டோவுக்கு மேடையே ஏறவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அதற்கான பேச்சையெல்லாம் மாமியார் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வது என் அக்கா.

இப்போது அக்காவுக்கு வளைகாப்பு. மறுபடியும் எங்கள் வீடு, அதே ஹால்.

அம்மா உத்தரவு போட்டுவிட்டாள். "இந்தத் தடவை யாராவது கட் ஆனாங்க, உன் கேமராவ எடைக்குப் போட்டுருவேன்."

லென்ஸ் தேட ஆரம்பித்தேன். பெரிய ஜூம் லென்ஸ் ஒன்றின் விலையைப் பார்த்துவிட்டு (அதற்கு ஒரு ஸ்கூட்டரே வாங்கலாம்) போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆபீஸ் நண்பன் தன்னுடைய லென்ஸை இரவல் கொடுத்தான். மாட்டிப் பார்த்தால் நாலு மூலையும் கறுப்பு, நடுவில் வட்டமாகப் படம். அது சின்ன சென்சார் கேமராவுக்கு உண்டானதாம், என் ஃபுல் ஃபிரேமின் பெரிய சென்சாருக்குப் போதாதாம். விலை குறைவு என்று அவசரப்பட்டு வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

கடைசியில் பருத்திப்பட்டில் ஒரு கல்யாண போட்டோகிராபர் இரண்டு பழைய லென்ஸ்களை விற்பதாக விளம்பரம் கண்ணில் பட்டது. ஒன்று 14எம்எம், இன்னொன்று 20எம்எம். (நம்பர் குறையக் குறைய அகலம் கூடும், அவ்வளவுதான் விஷயம்.) சனிக்கிழமை காலையிலேயே போய் நின்றேன்.

அந்த போட்டோகிராபர் ரமேஷ் அண்ணன் என் கேமராவைப் பார்த்ததும் குஷியாகிவிட்டார்.

"வாம்மா, ஏரியாண்ட போலாம். மொத்த ஏரியும் ஒரே ஷாட்ல வுழும், பாரு."

"ஏரி வேணாம்ண்ணா. உங்க ஹால் போதும். வீட்ல இருக்கறவங்கள கொஞ்சம் நிக்கச் சொல்றீங்களா?"

ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி செல்வி அக்கா, அண்ணனுடைய தங்கை குடும்பம், மாடி வீட்டுக்காரர்கள் என்று ஹால் நிறைந்துவிட்டது. எங்கள் ஹாலைவிடச் சின்ன ஹால்.

முதலில் 14. என்ன அகலம் தெரியுமா! சுவரோடு ஒட்டி நின்று எடுத்தால் ஃபேன், டிவி, ஜன்னல், அத்தனை பேரும் உள்ளே. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓரத்தில் நின்ற செல்வி அக்கா வந்து திரையைப் பார்த்தார்.

"யோவ், இன்னாயா இது? நான் இவ்ளோ அகலமாவா கீறேன்?"

"ஓரத்துல நின்னா அந்த லென்ஸு அப்டித்தான் இழுக்கும்" என்றார் அண்ணன்.

"உன் தங்கச்சி மட்டும் ஒல்லியா கீறா?"

"அது நடுவுல நின்னுச்சு."

"யாரு நிக்க வெச்சது?"

அண்ணன் லென்ஸைக் கழற்றிவிட்டார். (அனுபவஸ்தர்.)

அடுத்து 20. முன்னால் ஒரு வரிசையை உட்கார வைத்து, மற்றவர்கள் கொஞ்சம் நெருக்கி நின்றால் எல்லாரும் அடங்கினார்கள். ஓரத்தில் லேசாகத்தான் இழுத்தது. விலையும் என் கைக்கு அடங்கியது.

"ஆங், இது நானு. இத்தயே எடுத்துனு போ கண்ணு" என்று செல்வி அக்கா முடித்து வைத்தார்.

இன்று வளைகாப்பு. மாமா வந்துவிட்டார்! போட்டோவுக்காக நடு நாற்காலியை அவருக்கென்றே காலியாக வைத்திருந்தேன்.

"மாமா, நடுவுல உக்காருங்க."

"வேணாம்மா. நான் இங்கயே நிக்கிறேன்."

போய் நின்றது ஓரத்திலும் ஓரம், பீரோவை ஒட்டி. கையைக் கட்டிக்கொண்டார். "இப்ப எடு, பாப்போம்."

அக்கா வளையல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எடுத்தேன்.

மாமா நேராக வந்து கேமராவைக் கையில் வாங்கினார். தலை முதல் கால் வரை முழுசாக இருந்தார். அது மட்டுமா? ஒல்லிக்குச்சி மாமா, ஓரத்தில் லேசாக இழுத்ததில் தோள் விரிந்து ஆளே வாட்டசாட்டமாக இருந்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். "நான் இப்படியாம்மா இருக்கேன்?"

"ஆமா மாமா" என்றேன். (லென்ஸைப் பற்றி விளக்கும் நேரமா அது?)

"இத எனக்கு அனுப்பு."

அப்புறம் புளியோதரையை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சமையலறையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போதுதான் அம்மா தன் போனை என்னிடம் நீட்டினாள். மாமாவின் வாட்ஸ்அப் டிபி மாறியிருக்கிறது. நான் எடுத்த அதே போட்டோ.

அக்காவை, அத்தானை, எங்கள் மொத்தக் குடும்பத்தையும் கட் பண்ணிவிட்டு, அவர் மட்டும்.

இப்போது நாங்கள் கோபித்துக்கொள்ளலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்.