குடை விரித்த படகு

மழைக்கால மாலைகளில் மும்பை செம்பூரிலிருந்து தாணே ஏரிக்குப் போய், படகுகளையும் நிறம் மாறும் வானத்தையும் செல்போனில் படம் எடுப்பேன். நன்றாக வந்தால் உடனே எங்கள் காலனி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன்.

அன்று அசையாத தண்ணீரில் வானம் செம்பருத்தி நிறத்தில் கிடந்தது. நடுவே ஒரே ஒரு மிதிபடகு. எடுத்த படத்தைக் குழுவுக்கு அனுப்பப் போனபோது, அந்தப் படகு அவசரமாகக் கரைக்கு வந்தது. உள்ளே ஓர் இளம் ஜோடி.

“ஆண்ட்டி, போட்டோ டிலீட் கரோ நா,” என்று படத்தை அழிக்கச் சொல்லி இந்தியில் கெஞ்சினாள் அந்தப் பெண். பிறகு அவனிடம் தமிழில், “எங்கப்பா பார்த்தா இனி வேலைக்கே அனுப்ப மாட்டாருடா.”

படத்தைப் பெரிதாக்கினேன். இரண்டு முகங்களும் பளிச்சென்று தெரிந்தன. அவள் கண்ணெதிரிலேயே அழித்தேன். “போச்சு, பயப்படாதம்மா.”

“ஐயோ, தமிழா? தாராவியில யாருகிட்டயும் சொல்லிராதீங்க!”

“நான் செம்பூரும்மா.”

“அது இன்னும் மோசம். எங்க அத்தை அங்கதான் இருக்கா!”

மூவரும் சிரித்துவிட்டோம். அவள் தன் போனை நீட்டினாள். “சேர்ந்து ஒரு போட்டோகூட எடுத்ததில்ல, ஆண்ட்டி. முகம் தெரியாம ஒண்ணு எடுங்களேன்.”

படகிலேயே குடையை விரித்து, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து மேகம் விலகி, ஏரி முழுக்கப் பொன்னாக மாறியது.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். என்னிடம் இல்லை. அவள் அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாளா என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் யோசித்துக்கொள்கிறேன்.